ஆகஸ்ட் பத்தொன்பதிலிருந்து

17 ஆகஸ்ட் 2024, சனி

ரக்ஷனாவுக்கு இன்று பூசணி மசியல். நான்கு கரண்டி வாய்க்குள், மீதி என் சட்டையில். அத்தை சிரித்தார். இந்த வீட்டில் யாராவது சிரித்து நாளாயிற்று.

திங்கட்கிழமை நீதிமன்றம். என் கணவர் சரத் மீது குற்றச்சாட்டு வாசிப்பார்கள். நான்தான் பிணையாளர். அடையாள அட்டை, வைப்புத்தொகைக் காகிதம் எல்லாம் ஒரு கோப்பில் வைத்துவிட்டேன். மூன்று முறை எடுத்துப் பார்த்தும்விட்டேன். வழக்கறிஞர் ரபியா, "சாயந்திரமே வீட்டுக்கு வந்துடுவார்" என்றார். அத்தை மீன் வாங்கி வைத்திருக்கிறார்.

மார்ச் 21 அதிகாலை நடந்ததை இன்னும் எங்கும் எழுதவில்லை. துவாஸில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளுக்குக் காலைச் சாப்பாட்டுப் பொட்டலங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போன சரத், ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டார். சாலையோரம் வேலைக்குப் போகும் லாரிக்காக நின்றிருந்த மருதப்பன் என்ற ஊழியரின் காலில் வேன் ஏறியது. மூன்று அறுவை சிகிச்சைகள். சரத் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாராம். காவல்துறையினர் கேட்டபோது, தூக்கம் வருவது தெரிந்துதான் ஓட்டினேன் என்று அவராகவே சொல்லிவிட்டார். அதன்பிறகு ஓட்டுநர் உரிமம் இல்லை. வேன் ஓட்டிய அதே சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று ரக்ஷனாவுக்கு ஏழு வாரம். அழுகை நிற்கவே இல்லை. இரண்டு மணிக்கு நான்தான் அவரை உலுக்கி எழுப்பினேன், "என்னால முடியல, நீங்க பாருங்க" என்று. வேலைக்குக் கிளம்பும்வரை அவர் அவளைத் தோளில் போட்டு நடந்தார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட.


19 ஆகஸ்ட், திங்கள்

வரவில்லை.

நீதிமன்றத்தில் பிணை கொடுத்தார்கள். நான் பணம் கட்டத் தயாராக நின்றேன். அதிகாரி பத்திரத்தை உள்ளே எடுத்துப்போய் அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். "அவரு சைன் பண்ண மாட்டேங்கிறாரு, மேடம்." எனக்குப் புரியவில்லை. பேனா இல்லையோ என்று என் பேனாவை நீட்டினேன் — நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரபியா உள்ளே போய் இருபது நிமிடம் கழித்து வந்தார். "ரிமாண்ட்லயே இருக்கேங்கிறார்."

வீட்டுக்கு வந்தால் அடுப்பில் குழம்பு. அத்தை அதற்குள் தன் தங்கைக்குப் போன் செய்து, பையன் விடுதலையாகிவிட்டான் என்று சொல்லியிருந்தார். பிணை என்றால் விடுதலை, காவல் என்றால் சிறை. எங்கள் குடும்பத்தில் நடுவில் எதுவும் கிடையாது.

"படிச்ச பொண்ணு. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வர முடியல," என்றார் அத்தை.

நான் மீன் சாப்பிடவில்லை.


20 ஆகஸ்ட்

ரிமாண்டை நாளிதழில் விசாரணைக் காவல் என்று எழுதுகிறார்கள். குற்றம் தீர்மானமாவதற்கு முன் ஒருவரை வைத்திருப்பது. தண்டனை அல்ல. அகராதியும் அதையே சொல்கிறது. தண்டனை இல்லையென்றால் ஏன் அவர் இங்கே இல்லை?


22 ஆகஸ்ட், வியாழன்

சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்கு மேல் மாடியில் ரபியாவின் அலுவலகம். ரக்ஷனாவை மடியில் வைத்துக்கொண்டு, அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டேன். அவள் ரபியாவின் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள்.

சரத் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். அது எனக்குத் தெரியும். ஆனால் ஒப்புக்கொள்ளவும் தேதி வேண்டுமாம். மருதப்பனின் கால் எவ்வளவு தேறும் என்ற கடைசி மருத்துவ அறிக்கை வராமல் வழக்கு நகராது. ஆறு மாதமாகலாம், ஒரு வருடமும் ஆகலாம். பிணையில் வெளியே இருந்தால் அந்த நாட்கள் வெறும் நாட்கள். விசாரணைக் காவலில் இருந்தால், தீர்ப்பு சொல்லும்போது நீதிபதி தண்டனையை உள்ளே போன நாளிலிருந்தே தொடங்கியதாகக் கணக்கிடலாம்.

"லாம்தான்," என்றார் ரபியா. "கண்டிப்பா செய்வாங்கன்னு நான் சொல்லமாட்டேன். அவர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

பிணை எடுக்க யாருமில்லாதவர்கள் இப்படி இருப்பார்களாம். வெளியே மனைவி பணத்தோடு நிற்கும்போது வேண்டாம் என்றவரை ஒன்பது வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறாராம்.

பிறகு ஒரு செய்தி சொன்னார். பிணை அப்படியே இருக்கிறது; எந்த நாளும் எடுக்கலாம். "சுஷ் கேட்டா அன்னிக்கே சைன் போடுறேன்னு சொல்லச் சொன்னார்."

அதாவது இனி அவர் உள்ளே இருப்பது என் கையில். நன்றாக இருக்கிறது நியாயம்.


27 ஆகஸ்ட்

சாங்கிச் சிறையில் முதல் சந்திப்பு. நடுவில் கண்ணாடி, காதில் ரிசீவர். திட்டுவதற்காகவே போனேன், வரிசையில் நிற்கும்போது வாக்கியங்களையும் அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் நேராக உட்கார்ந்திருந்தார். முகம் இளைக்கவில்லை. "சாப்பாடு நம்ம கடைய விட சூடா வருது லா," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"எப்படியும் நான் உள்ள போகணும், சுஷ். ஒரு வருஷம் கழிச்சுப் போனா அவ அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டிருப்பா. அப்படிக் கூப்பிடற பிள்ளைய விட்டுட்டு என்னால வர முடியாது. இப்ப போனா அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"எனக்கு இருக்குமே."

"அதான் உங்கிட்ட முன்னாடியே சொல்லல. சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. நான் சைன் போட்டிருப்பேன்."

ரக்ஷனாவை இங்கே அழைத்துவர வேண்டாம் என்றார். கீழ் ஈறு வெளுத்திருக்கிறதா, பல் வருகிறதா என்று கேட்டார். இரண்டு பல் என்றேன். தலை குனிந்துகொண்டார். நேரம் முடிந்தது.

அடுக்கி வைத்த வாக்கியங்கள் எல்லாம் என்னோடு பேருந்தில் திரும்பி வந்தன.


1 செப்டம்பர், ஞாயிறு

தேக்கா சந்தைக்கு வெளியே மருதப்பனைப் பார்த்தேன். ரபியாவின் கோப்பில் புகைப்படமாகப் பார்த்த முகம். இரண்டு ஊன்றுகோல்கள், ஒரு கால் காலணியில்லாமல். சாட்சி சொல்லத் தேவைப்படலாம் என்று அவரையும் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலையும் செய்ய முடியாது, ஊருக்கும் போக முடியாது. வழக்கு முடியும்வரை அவரோடு பேசக்கூடாது என்று ரபியா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ரக்ஷனாவின் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன். கீரை வாங்கவில்லை.

அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவரும்தான் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு என்ன பெயர்?

சரத்துக்கு இது தெரியும் என்று ரபியா சொல்லியிருந்தார். வழக்கை எதிர்த்து நடத்தலாமா என்று முதலில் கேட்டபோது சரத் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப அந்தத் தம்பி எவ்வளவு நாள் இருக்கணும்?" என்பதுதானாம்.


6 செப்டம்பர்

அத்தை என்னிடம் சொல்லாமல் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய், பையனை வெளியே விடச்சொல்லி ஒரு கடிதம் கேட்டிருக்கிறார். நீதிமன்ற விஷயத்தில் கடிதம் தரமாட்டோம் ஆன்ட்டி என்று தொண்டூழியர் மரியாதையாகச் சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "பெரிய இடம்னு பேரு. பச்சத்தண்ணி குடுத்தாங்க," என்று வந்து உட்கார்ந்தார்.

அவரே வேண்டாம் என்றுதான் இருக்கிறார் என்று திரும்பவும் சொன்னேன். நம்பவில்லை. உறவினர்களிடம் புருணையில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்.


16 செப்டம்பர்

தள்ளிவைப்பு. அடுத்த தேதி அக்டோபர் 14.


1 அக்டோபர்

சந்திப்பு. அவரோடு இருக்கும் வயதான ஒருவரைப் பற்றிச் சொன்னார். பதினொரு மாதமாக விசாரணைக் காவல். தினமும் காலையில் போர்வையை மடித்துவிட்டு விரலால் எண்ணுவாராம். "இங்க எல்லாருக்கும் அடுத்த தேதி தெரியும், சுஷ். கடைசித் தேதிதான் தெரியாது. தண்டனை வாங்கினவங்க பரவாயில்ல லா." அந்த அங்கிளுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை இவர்தான் படித்துச் சொல்கிறாராம்.

என்னைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். "பொய் சொல்றப்ப உனக்கு வலது புருவம் தூக்கும்," என்றார்.

இந்த மனிதரைத்தான் நான் சாது, எதையும் முடிவெடுக்கத் தெரியாதவர் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்தில் எந்த நாற்காலி உறை என்று கேட்டதற்கு நான்கு நாள் யோசித்தவர்.


14 அக்டோபர்

மீண்டும் தள்ளிவைப்பு. நவம்பர் 11. அறிக்கை இன்னும் வரவில்லை.


18 அக்டோபர்

ரக்ஷனாவுக்குக் கை, கால், வாயில் கொப்புளம். காய்ச்சல் 39.4. பால் குடிக்க மறுக்கிறாள். நான் ஆசிரியையாக இருக்கும் பாலர் பள்ளியில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டேன்; அங்கே என் வகுப்பிலும் ஆறு பிள்ளைகளுக்கு இதேதான், நான்தான் கொண்டுவந்திருப்பேன். அப்படித்தான் இருக்கும். எல்லாம் நான்தான்.


22 அக்டோபர், செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

நான்கு நாள் தூக்கமில்லை. ரிசீவரை எடுத்ததும், "என்னால முடியல. வந்துடுங்க," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மார்ச் மாதமும் இதே வார்த்தைகள்.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி. ரபியாகிட்ட சொல்லு, நாளைக்கே சைன் போடுறேன்." முகம் சுளிக்கவில்லை. உள்ளே கழிந்த அறுபத்துநான்கு நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரக்ஷனாவின் கொப்புளத்தைச் சொன்னதும், வாய்க்குள் புண் இருக்கிறதா, சிறுநீர் போகிறாளா என்று ஆரம்பித்தார். ஆறவைத்த பாலைக் கரண்டியில் கொடுக்கச் சொன்னார். எங்கே கற்றார்?

பேருந்தில் வரும்போது நாளை அவர் வீட்டில் இருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷம்தான். பிறகு அதற்கடுத்த நாளை நினைத்தேன். வெளியே உட்கார்ந்து அறிக்கைக்குக் காத்திருப்போம். அவள் நடப்பாள், பேசுவாள், அவரை அழைப்பாள். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் போவார்.


23 அக்டோபர்

ரபியாவைக் கூப்பிட்டு, பிணை வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, சுஷ்மிதா. நான் அவர்கிட்ட சொல்றேன்."

காய்ச்சல் 38.1. அது குறைந்ததால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதால். கொஞ்சம் தர்க்கம் செய்திருந்தால் நான் பிடிவாதமாக அழைத்து வந்திருப்பேன். இது கொடுமையா? ஒரு மனைவி செய்கிற காரியமா? தெரியவில்லை. ஆனால் இப்போது இது அவர் முடிவு மட்டுமில்லை. என்னுடையதும்தான்.


31 அக்டோபர், தீபாவளி

அத்தையின் தங்கை வாழ்த்துச் சொல்லப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் இருந்தது. சரத்துக்குப் புருணையில் லீவு கிடைக்கவில்லையா என்று கேட்டார். நான் சமையலறைக் குழாயை மூடினேன்.

அத்தை கையிலிருந்த முறுக்கை டின்னில் திரும்பப் போட்டார். பிறகு, "புருணையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரிமாண்ட்ல இருக்கான்," என்றார். "தண்டனை இல்லடி, இன்னும் தீர்ப்பே வரல. பணம் கட்டினா இன்னைக்கே வந்துடுவான். அவனாதான் இருக்கான். உனக்குச் சொன்னா புரியாது, எனக்கே ரெண்டு மாசம் ஆச்சு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, முறுக்கு நமத்துப்போய்விடும், டின்னை மூடு என்றார். மங்களம் என்ற பெயருடைய இந்தப் பெண்மணியை நான் ஐந்து வருடமாகத் தப்பாகவே படித்திருக்கிறேன்.


11 நவம்பர்

அறிக்கை வந்துவிட்டது. டிசம்பர் 9, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாள்.


26 நவம்பர்

ரபியாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், இரண்டு மணிக்கு நான் எழுப்பியதை. தண்டனையைக் குறைக்கக் கேட்கும் மனுவில் சேர்த்தால் உதவாதா என்றேன். ரபியா தாடையைத் தடவினார். புதிதாகத் தகப்பனானவர் என்று நீதிபதி இரங்கலாம். தூக்கமில்லை என்று தெரிந்தே ஓட்டினாரே என்று கடுமையும் காட்டலாம். சரத்திடம் கேட்டுத்தான் முடிவு.

சரத் மறுத்துவிட்டார். இன்று நானே போய்க் கேட்டேன்.

"தூக்கம் வருதுன்னு தெரியும், ஓட்டினேன். வண்டிய ஓரமா நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. அது போதும். பிள்ளை அழுதுச்சுன்னு கோர்ட்டுல எழுதினா அது அப்படியே இருக்கும். நாளைக்கு அவ படிப்பா."

"நான் எழுப்பினேன்னு எழுதட்டும். அவள ஏன் இழுக்கணும்?"

"நீ எழுப்பலன்னாலும் நான் எழுந்திருப்பேன், சுஷ். முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். நீ எப்ப கூப்பிடுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

எட்டு மாதம். எட்டு மாதமாக இதைக் கேட்கத் தைரியமில்லாமல் இருந்தேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டேன். உட்கார்ந்தே இருந்தேன்.


9 டிசம்பர், திங்கள்

அரசுத் தரப்பு பன்னிரண்டு மாதம் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சரத் நின்றார். பேச விருப்பமா என்று நீதிபதி கேட்டபோது, மருதப்பனின் காலைத் திருப்பித் தர முடியாது, அவர் சீக்கிரம் ஊருக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். லாம்தான், லாம்தான் என்று ரபியாவின் குரல் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சேர்க்கவில்லை என்றால் இந்த நான்கு மாதமும் காற்றில் போகும். சேர்க்காமல் விட்டால் நான்தான் அவரை உள்ளேயே வைத்திருந்தவள். அக்டோபரில் வேண்டாம் என்றவள்.

ஒன்பது மாதம். வண்டியோட்டத் தடை தனியாக. பிறகு தேதி சொன்னார் — தண்டனை ஆகஸ்ட் பத்தொன்பதிலிருந்து.

ரபியா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

நன்னடத்தையோடு மூன்றில் ஒரு பங்கு கழியும். பிப்ரவரி நடுவில் வந்துவிடுவார். நான் கைத்தொலைபேசியில் தேதியைக் குறிக்கப் போனேன். அத்தை, "அதுல வேணாம், சுவத்துல எழுது," என்றார்.


20 டிசம்பர்

மருதப்பன் ஊருக்குப் போய்விட்டாராம். ரபியா சொன்னார். விமான நிலையத்தில் ஒரே ஊன்றுகோல்தானாம்.


28 ஜனவரி 2025

ரக்ஷனாவுக்கு ஒரு வயது. கேக்கை அத்தை வெட்டினார். அவள் மூன்று அடி நடந்து விழுந்தாள். வீடியோ எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். அவர் பார்க்காததை நான் மட்டும் வைத்துக்கொள்ள மனமில்லை.


17 பிப்ரவரி, திங்கள்

வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அத்தை வாசலில் எதுவும் சுற்றிப்போடவில்லை, அழவும் இல்லை. "குளி, சாப்பாடு ஆறுது," என்றார்.

ரக்ஷனா என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எட்டிப் பார்த்து ஓவென்று அழுதாள். அவர் கைநீட்டவில்லை. ஒரு கெஞ்சலும் இல்லை. கூடத்தின் மறுகோடியில் தரையில் உட்கார்ந்து அவளுடைய பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சுத்தமா மறந்துட்டா லா," என்றார்.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. கண்ணைத் துடைக்கப் புறங்கையைத் தூக்கி, அவள் பார்க்கிறாள் என்று அப்படியே இறக்கிவிட்டார்.


20 பிப்ரவரி

இன்று அவர் ஊட்டிய கஞ்சியை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல். கரண்டியை மட்டும் பார்த்தபடி.


24 பிப்ரவரி

சமையற்கட்டு வேலைக்கே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதல் பேருந்தில் போகிறார். அவர் திரும்பும்வரை ரக்ஷனா ஒன்றும் தேடுவதில்லை. அது அவரை வருத்துவதாகத் தெரியவில்லை. எனக்குத்தான்.


2 மார்ச், ஞாயிறு

மூவரும் தேக்காவுக்குப் போனோம். கூட்டம். வண்டியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்ததால் சரத் தூக்கிக்கொண்டார்; அவர் கையில் விறைப்பாக, கொஞ்சம் விலகியே இருந்தாள்.

கீரைக்கடையில் இருந்தவர் பாசமாகத்தான், "வா பாப்பா, எங்கிட்ட வா," என்று இரண்டு கைகளையும் நீட்டினார். ரக்ஷனா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. சட்டென்று திரும்பி சரத்தின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சரத் அசையவில்லை. வலது கை அவள் முதுகில், இடது கையில் பை. கடைக்காரர் கீரைக்கு இரண்டு வெள்ளி என்றார்; திரும்பவும் இரண்டு வெள்ளி என்றார். இவர் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் காசைக் கொடுத்தேன்.